இரண்டாவது கரண்டி

வெண்ணெய் வாத்தியாருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அவருடைய மாணவர்கள்தான். மருத்துவக் கல்லூரியில் ரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் சரி, சிறுநீரகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் சரி, சுற்றி வளைத்துப் பாடத்தை வெண்ணெயில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். சூரியகாந்தி, சோயா, சோளம், பருத்திக்கொட்டை என்று விதையிலிருந்து ஆலையில் பிழிந்தெடுக்கும் எண்ணெய்தான் இன்றைய வியாதிகளுக்கெல்லாம் மூலம், மனிதனுக்கு உகந்தது மாட்டின் மடியிலிருந்து வரும் கொழுப்பு என்பது அவர் கட்சி. இதில் அவருக்குத் துளி சந்தேகமும் கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகாவது மனிதர் அடங்கியிருப்பார். ஆனால் அவருடைய மச்சினன் ஒரு கேமராவை வாங்கிக்கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினான். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "விதை எண்ணெய் விஷம்" என்று அவர் கண்ணை உருட்டிக்கொண்டு சொல்கிற வீடியோவைப் பார்க்காத வீடு குறைவு. கடைக்காரர்கள் அவரைக் கண்டால் எண்ணெய் டின்னை உள்ளே தள்ளிவைத்தார்கள். கல்யாண வீடுகளில் அவர் பந்தியில் உட்கார்ந்தால் சமையல்காரர் பின்வாசல் பக்கம் நழுவினார். மனிதர் கெட்டவர் இல்லை. காசுக்காகப் பேசுகிறவரும் இல்லை. முழுக்க நம்பித்தான் பேசினார், அதனால்தான் கூட்டம் சேர்ந்தது.

அவரை எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர். ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தில் இருபது வருடமாக எண்ணெயும் கொழுப்புமாகவே காலம் தள்ளிய ஒரு பெண்மணி. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் விதையம்மா. ஒடிசலான உடம்பு. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதையே மேசை மேசையாகத் தேடிக்கொண்டும் இருப்பார். குரல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. வாத்தியார் மேடையில் இடி இடிப்பார். விதையம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க இப்ப சொன்னது எலிக்கா, மனுஷனுக்கா?" என்று கேட்பார். சபை கொல்லென்று சிரிக்கும். வாத்தியார் அடுத்த பத்து நிமிடத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு விஷயமும் உண்டு. விதையம்மா எந்தக் கட்டுரை வெளியிட்டாலும் முதலில் படிக்கிற ஆள் வாத்தியார்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார். (விளக்கெண்ணெயும் விதையிலிருந்துதான் வருகிறது என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.) எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று வரிவரியாகத் தேடுவார், கிடைக்காது. கிடைக்காத அன்றைக்கு வீட்டில் யாரோடும் பேசமாட்டார்.

"கட்டின பொண்டாட்டி பேசறதக்கூட நீங்க இவ்ளோ கவனமா கேட்டதில்லைங்க," என்பாள் அவர் மனைவி. "அந்தம்மா எழுதினா மட்டும் எழுத்தெண்ணிப் படிக்கிறீங்க."

"எதிரிய தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"எதிரின்னா சரி," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள்.

ஒருமுறை ஒரு விவாதக் கூட்டம் முடிந்ததும், மண்டபத்தின் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் விதையம்மா நேராக வந்தார்.

"சார், இப்படியே ரெண்டு பேரும் கத்திக் கத்தி ஓஞ்சுபோறதா? சேர்ந்து ஒண்ணு செஞ்சு பாத்தா என்ன?"

"சேர்ந்தா? நீங்களும் நானுமா?"

"நீங்க விதிமுறை எழுதுங்க. நான் அதுல ஓட்டை தேடுறேன். அப்புறம் நான் எழுதறேன், நீங்க தேடுங்க. ரெண்டு பேருக்குமே ஓட்டை தெரியலன்னா ஆரம்பிச்சிடலாம். முடிவு யாருக்குச் சாதகமா வந்தாலும் ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னு அதச் சொல்லணும்."

வாத்தியாருக்கு வீறாப்பு வந்துவிட்டது. "நான் ரெடி," என்று சொல்லிவிட்டார். டீயைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

பேருந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் அங்கேயே தங்கி அங்கேயே சாப்பிட்டார்கள். மெஸ்ஸில் எதிரும் புதிருமாக இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள், நடுவில் ஒரே சமையலறை. இதைவிட வசதியான இடம் கிடைக்காது. சம்மதித்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூடத்துக்கு எல்லாம் சூரியகாந்தி எண்ணெயில், மற்றக் கூடத்துக்கு எல்லாம் வெண்ணெயில். மற்றபடி அதே அரிசி, அதே காய், அதே பருப்பு. தொடங்கும்போது ஒருமுறை ரத்தம் எடுப்பது, பயிற்சி முடியும்போது ஒருமுறை எடுப்பது. எந்த ரத்தம் எந்தக் கூடத்துடையது என்று சோதிக்கிறவர்களுக்குத் தெரியாது.

விதிமுறை எழுதி முடிப்பதற்குள் இருவரும் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். எண்ணெய் எந்த ஆலையிலிருந்து வரவேண்டும், டின்னா பாட்டிலா, வெயில் படலாமா, எவ்வளவு சூட்டில் காய்ச்சலாம், ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி சட்டியில் ஊற்றலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. வெண்ணெயில் உப்பு இருக்கலாமா என்பதற்கு மட்டும் ஒரு வாரம் போனது. இரண்டு பேரும் இவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

மெஸ்ஸை நடத்தியவள் சமையலக்கா. பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குத் தம்பிகள். தட்டில் மிச்சம் வைத்தால் திட்டுவாள், வைக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் போடுவாள். அடுப்புப் பக்கம் அவள் ஒரு சத்தம் போட்டால் வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும். முதல் நாளே வாத்தியாரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், உங்கள வீடியோவுலதான் பாத்திருக்கேன். நேர்ல ஒல்லியா இருக்கீங்களே," என்றாள். விதையம்மா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

பயிற்சி முடிந்தது, ரத்தமும் எடுத்தாயிற்று. முடிவுகள் வந்த அன்று இருவரும் விதையம்மாவின் அறையில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் திறந்து பார்த்துவிட்டு மற்றவரிடம் சொல்வது என்பது கூடாது, அதுவும் விதிமுறையில் இருந்தது.

சூரியகாந்திக் கூடத்தில் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. வெண்ணெய்க் கூடத்தில் ஏறியிருந்தது. ஒருவருக்கு இருவருக்கு என்றில்லை, ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படித்தான். சர்க்கரையோ உள் அழற்சியோ எண்ணெய்க் கூடத்தில் கூடியிருக்கிறதா என்று வாத்தியார் கீழே கீழே தேடிப் பார்த்தார், எதுவும் கூடவில்லை. எங்கே போய் முட்டுவது? அவரே எழுதிய விதி, அவரே தேர்ந்தெடுத்த ஆய்வுக்கூடம். தன் கையால் கட்டிய வேலியைத் தானே பிரிக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

விதையம்மா துள்ளிக் குதிக்கவில்லை. கொண்டையிலிருந்த பேனாவை உருவி, நெற்றியில் தட்டிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், சந்தோஷம்தானே?" என்றார் வாத்தியார். கொஞ்சம் கசப்பாகத்தான் கேட்டார்.

"நல்லா வந்திருக்கு சார். நான் எதிர்பார்த்ததவிட ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் உறுத்துது."

தோற்றவனுக்கு ஆறுதல் சொல்கிறார் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்தார்.

சனிக்கிழமை பெரிய மண்டபத்தில் கூட்டம். இருவரும் சேர்ந்து முடிவைச் சொல்லவேண்டும். வாத்தியாரின் ரசிகர்கள் கூட்டமாக வருவார்கள். அவர்கள் நடுவில் நின்று, "இத்தனை வருஷம் நான் சொன்னது தப்பு" என்று சொல்வதை நினைத்து நினைத்துப் புரண்டு படுத்தார். மச்சினன் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தான்.

"மாமா, ஆய்வுக்கூடத்துல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டா?"

"கோளாறு இல்லடா."

"இருந்தாதான் சொல்லணுமா? சொல்லிட்டா இருந்துட்டுப் போகுது. இவ்ளோ பேர் உங்கள நம்பிட்டு இருக்காங்க."

"வாக்கு குடுத்திருக்கேன். எந்திரிச்சுப் போ."

கதவுக்கு அந்தப்பக்கம் நின்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் தட்டில் அவள் கூடுதலாகவே பரிமாறினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் விதையம்மாவிடமிருந்து போன் வந்தது. "சார், மெஸ்ஸுக்கு வர்றீங்களா? உடனே வாங்க," என்றார். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. மச்சினன்தான் வண்டி ஓட்டினான்.

சமையலறையில் பெரிய அடுப்புகள் அணைந்திருந்தன. கழுவிக் கவிழ்த்த குண்டான்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காய் வெட்டும் மேசையில் சமையலக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் விதையம்மா நின்றுகொண்டிருந்தார்.

விதையம்மாதான் நடந்ததைச் சொன்னார். உறுத்தல் அவரை விடவில்லை. முந்தின நாள் மெஸ்ஸுக்கு வந்து, பின்வாசலில் சமையலக்காவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்த பயிற்சிக்காரர்களிடம் சும்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். சூரியகாந்திக் கூடத்துப் பையன்கள் எல்லாரும், "அக்கா போட்ட கீரைய மறக்க முடியாது மேடம்," என்றார்கள். வெண்ணெய்க் கூடத்துப் பையன்களுக்கு எந்தக் கீரை என்றே தெரியவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் விதையம்மா, சமையலக்காவின் தோளைத் தொட்டு. "உங்கள யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க."

சமையலக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முதல் தடவ போடறத எடைபோட்டுத்தான் போட்டேன் சார். நீங்க எழுதிக் குடுத்தபடிதான். ரெண்டாவது தடவ பசிக்கு வேணுங்கறதப் போடலாம்னு இருந்துச்சு. அதுல போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"கீரை. அப்புறம் பருப்பு, நல்லா குழைய வேகவச்சு. பழம் இருந்தா பழம். அந்தக் கூடத்துத் தம்பிங்களுக்கு மட்டும். என் கைக்காசுலதான் சார் வாங்கினேன், மெஸ் கணக்குல தொடல."

"அவங்களுக்கு மட்டும் ஏன்?"

சமையலக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதையெல்லாம் கேட்கவேண்டியதே இல்லை என்பது போல இருந்தது அந்தப் பார்வை. "நீங்கதானே சார் விஷம்னு சொன்னீங்க. நானும் வீட்டுக்காரரும் உங்க வீடியோ ஒண்ணுகூட விடமாட்டோம். வேளா வேளைக்கு நானே என் கையால அந்த எண்ணெய ஊத்தி அந்தப் பிள்ளைங்களுக்குப் போடணும்னா மனசு கேக்குமா? பெத்தவங்க நம்பி அனுப்பியிருக்காங்க. கீரையும் பருப்பும் போட்டா விஷம் கொஞ்சமாச்சும் முறியும்னுதான் போட்டேன்."

வாத்தியார் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டை எங்கே இருந்திருக்கிறது பாருங்கள். எண்ணெயின் சூடு, டின்னின் நிறம், வெண்ணெயில் உப்பு என்று ஒரு வாரம், இரண்டு வாரம் மல்லுக்கட்டிய இரண்டு பேரும் இரண்டாவது கரண்டியை யோசிக்கவே இல்லை. இந்த உலகத்தில் எண்ணெயைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து எழுதிய விதி அது. வேறு யார் எழுதியிருந்தாலும் முதல் வரியிலேயே தட்டில் விழுவதையெல்லாம் எடைபோடச் சொல்லியிருப்பார்கள்.

"கீரையும் பருப்புமே கெட்ட கொழுப்பக் குறைக்கும் சார்," என்றார் விதையம்மா. "குறைஞ்சதுல எண்ணெயோட பங்கு எவ்ளோ, கீரையோட பங்கு எவ்ளோன்னு இனிமே பிரிக்க முடியாது. நம்ம ஆய்வு போச்சு."

உண்மையைச் சொல்லிவிடுவோம். அந்த நிமிடம் வாத்தியாருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாளைக்கு அவர் தலைகுனிய வேண்டியதில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மச்சினனின் முகத்தில் தீபாவளியே வந்துவிட்டது, அவன் போனை எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம்தான் வாத்தியார் விதையம்மாவின் முகத்தைப் பார்த்தார். ராத்திரி தூங்கியிருக்கவில்லை. இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப்போகிற பெண்மணி. இது அவருடைய கடைசி ஆய்வு. இருபது வருடம் சொன்னதைத் தன் பரம எதிரியின் வாயாலேயே ஊருக்கு முன்னால் சொல்லவைக்கும் நாள் நாளைக்கு. அதைத் தன் கையாலேயே தூக்கிப் போட்டுவிட்டு நிற்கிறார்.

"உங்க நிலையத்துல சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். பெரியவர், சின்ன விஷயம், கட்டுரையில கீழ ஒரு வரி போட்டுட்டு மேல போங்கன்னார். சொதப்பிட்டோம்னு மேடையில சொன்னா அடுத்த ஆய்வுக்கு யாரும் கை குடுக்க மாட்டாங்கன்னார்."

"அவர் சொல்றதும் நடக்கத்தானே போகுது? இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது மேடம். பையன்கள் ஊருக்குப் போயிட்டாங்க. இந்தம்மா வாயத் திறந்திருக்க மாட்டாங்க. எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?"

விதையம்மா கொண்டையைத் தடவிப் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க மேடையேறித் தோத்துட்டேன்னு சொல்லப்போறீங்க சார். சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும், நீங்க வாக்கு மாறுற ஆளில்ல. ஆனா நீங்க தோக்கல. தோக்காத மனுஷன எப்படி சார் தோத்துட்டேன்னு சொல்ல விடறது?" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஜெயிக்கணும்னு எனக்கும்தான் ஆசை. ரொம்ப ஆசை," என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் மச்சினன் வாய் ஓயவில்லை. "மாமா, தானா வந்து மாட்டியிருக்காங்க. நாளைக்கு அவங்க சொல்லி முடிச்சதும் நீங்க எந்திரிச்சு ஒரே ஒரு வார்த்தை, இத்தன வருஷமா இவங்க ஆராய்ச்சியெல்லாம் இந்த லட்சணம்தான்னு சொன்னாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன். இனி ஜென்மத்துக்கும் எண்ணெய்க்காரங்க வாயத் திறக்க மாட்டாங்க."

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டு வந்தார். தான் விதையம்மாவின் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க, கிடைத்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையெல்லாம் வாத்தியாரின் ஆட்கள். மச்சினன் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். பின்வரிசையில் சமையலக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

விதையம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முடிவு தனக்குச் சாதகமாக வந்ததைச் சொன்னார், அதை ஏன் நம்பக்கூடாது என்பதையும் சொன்னார். ஒரு கூடத்துக்குக் கீரையும் பருப்பும் கூடுதலாகப் போய்விட்டது, இரண்டாவது பரிமாறலை எடைபோட வேண்டும் என்று விதியில் எழுதாதது தங்கள் தவறு என்றார். யார் போட்டார்கள் என்று சொல்லவில்லை. எதற்காகப் போட்டார்கள் என்றும் சொல்லவில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் பழியில் பாதி வாத்தியார் தலையில் விழுந்திருக்கும், தன் மானமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதைக்கூடச் செய்யாமல் முழுவதையும் தானே சுமந்துகொண்டு அந்த ஒடிசலான பெண்மணி நின்றார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவர் காலில் விழலாம் என்று வாத்தியாருக்குத் தோன்றியது.

முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். கைதட்டல் எழுந்தது. "விஷம் விஷம்தான்!" என்று யாரோ கத்த, கூட்டம் திரும்பக் கத்தியது. விதையம்மா மைக்கை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

வாத்தியார் எழுந்தார். கைதட்டல் இரட்டிப்பானது.

"நிறுத்துங்க," என்றார். அவருடைய பழைய இடிக்குரல்தான். மண்டபம் அடங்கியது. "எதுக்குக் கை தட்டுறீங்க? அந்தக் கீரைய ஏன் போட்டாங்க தெரியுமா? பயந்துபோய்ப் போட்டாங்க. பிள்ளைங்க விஷம் சாப்பிடுதேன்னு பயம். அந்தப் பயத்த உண்டாக்கினது நான். இந்த ஆய்வக் கெடுத்தது கீரை இல்ல, என் வாய். அத இந்தம்மா உங்ககிட்ட சொல்லவே இல்ல, கவனிச்சீங்களா?"

மச்சினன் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"முடிவு இவங்களுக்குச் சாதகமா இருந்துச்சு. இது கெட்டுப்போனது இவங்க சொல்லலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது. மறைச்சிருந்தா இன்னிக்கு நான் இங்க நின்னு தோத்துட்டேன்னு சொல்லியிருப்பேன். இவங்க இடத்துல நான் இருந்திருந்தா..." அவர் நிறுத்தினார். தண்ணீர் டம்ளர் பக்கத்தில்தான் இருந்தது, தொடவில்லை. "நான் இருந்திருந்தா வாயத் திறந்திருக்க மாட்டேன். நேத்து பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். திறந்திருக்க மாட்டேன்."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் தேவையில்லாத குரல்.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

சமையலக்கா எழுந்து நின்றிருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கவே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு இந்த ஆய்வெல்லாம் புரியாது சார். அது விஷமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. வீட்டுக்காரருக்கு நான் எதுல சமைக்கிறது?"

மேடையிலிருந்து ஆயிரம் பேரைப் பார்த்து முழங்குவது வேறு. தன்னை நம்பிய ஒரு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது வேறு. வாத்தியார் விதையம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு சைகையும் காட்டவில்லை. பதிலை வாத்தியாரே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

"விஷம்னு நான் சொன்னேன்ல," என்றார் வாத்தியார். இப்போது அவர் குரலில் இடி இல்லை. "அப்படிச் சொல்ற அளவுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்லம்மா. நம்ம ஆய்வுதான் கெட்டுப்போச்சு. ஆனா மத்தவங்க மனுஷங்கள வச்சு ஒழுங்கா செஞ்சு பாத்ததெல்லாம் இந்தம்மா சொல்ற பக்கம்தான் நிக்குது. வெண்ணெயக் குறைச்சுட்டு அந்த எண்ணெயில சமைச்சா கெட்ட கொழுப்பு இறங்குது. அதெல்லாம் நான் படிச்சிருக்கேன். படிச்சும் ஒத்துக்கல. நீங்க எண்ணெயிலயே சமைங்க."

முன்வரிசையில் நாற்காலிகள் இழுபட்டன. நாலைந்து பேர் எழுந்து வெளியே போனார்கள். விசிலடித்தவன் போகும்போது ஏதோ முனகிக்கொண்டே போனான்.

சமையலக்கா உட்காரவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. அவளுக்கு அவர்மேல் கோபப்படத் தெரியாது போலிருக்கிறது. "அவருக்கு நெஞ்சுல அடைப்பு வந்து குழாய் வச்சு மூணு வருஷம் ஆகுது சார்," என்றாள். "ஆஸ்பத்திரியில எண்ணெயிலதான் சமைக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. உங்க வீடியோவப் பாத்துட்டு மாத்திட்டேன். அன்னியிலேர்ந்து வெண்ணெயிலதானே செஞ்சு போட்டுட்டு இருக்கேன்."

வாத்தியார் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கேள்விகளை வெளுத்து வாங்கிய மனிதர். இப்போது கையிலிருந்த மைக் மட்டும் அவருடைய மூச்சை மண்டபம் முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது.

விதையம்மாதான் முதலில் எழுந்தார். மேடையைவிட்டு இறங்கி, நடுவழியில் விடுவிடுவென்று நடந்து, பின்வரிசைக்குப் போய்ச் சமையலக்காவைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்படாதீங்க, நாளைக்கே அவர டாக்டர்கிட்ட காட்டிடலாம். ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லலாம். மாத்திரைய விடாம சாப்பிடறாரா?" என்று கேட்டார். சமையலக்கா தலையாட்டினாள். "அப்பச் சரி, அது பெரிய விஷயம். சாப்பாட்ட மாத்தினா இன்னும் இறங்கும். இன்னிக்கு ராத்திரியிலேர்ந்தே மாத்திடுங்க. கீரைய மட்டும் விடாதீங்க, அது நீங்க செஞ்ச நல்ல காரியம்," என்றார். இருபது வருடத்துக் கனவைச் சற்று முன்னால் மேடையில் புதைத்துவிட்டு வந்தவர் என்று அவரைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். எதிரில் இருந்த ஒருவரின் கவலை மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது. இந்த மனுஷியோடு இத்தனை வருடம் சண்டை போடக் கிடைத்ததே தனக்குப் பெரிய பாக்கியம் என்று வாத்தியார் நினைத்தார்.

அவர் மைக்கை மேசையில் வைத்தார். மச்சினன் ஓடிவந்து கையைப் பிடித்து, "மாமா, இந்த வீடியோவ என்ன பண்றது?" என்று கேட்டான்.

"அப்படியே போடு. ஒரு வார்த்த வெட்டாத. பழசையெல்லாம் எடுத்துடு," என்று சொல்லிவிட்டு அவனை விலக்கிக்கொண்டு படியிறங்கினார். பின்வரிசை வரைக்கும் நடக்க அவருக்கு நேரம் பிடித்தது. அந்த இரண்டு பேருக்கும் எதிரில் போய் நின்றார். மன்னிப்பு என்கிற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது, ஆனால் சமையலக்காவுக்கு இப்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று பட்டது.

"வீடு எங்கம்மா?" என்று கேட்டார். "காலையில வண்டியோட வந்துடறேன். நானே அவரக் கூட்டிட்டுப் போறேன்."